ஆலம் நானாவின் வட்டக்காயும் ஒரு வெள்ளைத் திரையும்

அன்புள்ள ஆலம் நானாவுக்கு,

ஸலாம். போய்ச் சேர்ந்த இடத்தில் நின்றுகொண்டிருக்கிறீர்களா, உட்கார இடம் கிடைத்ததா? கிடைத்திருக்கும். காலை நேரத்து நாவுல பஸ்ஸிலேயே உங்களுக்கு இடம் கிடைத்ததே, அங்கே கிடைக்காமலா போகும்.

முதலில் வீட்டுச் சேதிகள், புதினங்கள். செனுவாரா மச்சியின் இத்தா போன வெள்ளிக்கிழமை முடிந்தது. ரொஷிதா சுகம். யூனுஸும் சுகம், அதாவது மற்றவர்களுக்குச் சுகமில்லாமல் போகும் அளவுக்குச் சுகம். உங்கள் வட்டக்காயை வெட்டிவிட்டோம். இதை இன்னும் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லியிருக்க வேண்டும். பக்குவமாகச் சொல்வது எனக்கு இப்போதுதான் பழகி வருகிறது. சொல்வதே இப்போதுதான் பழகி வருகிறது.

இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். பொறுத்துக்கொள்வீர்கள். உங்கள் கதையைச் சொல்லி நீங்கள் களைத்ததே இல்லை. கேட்பதிலும் களைக்க மாட்டீர்கள்.

பர்மா துரத்த, திசை தப்பிய படகிலிருந்து எங்கள் கடற்படை உங்களை எடுத்துக் கரை சேர்த்தது. எங்கோ ஒரு வெளிநாடு கூப்பிடும்வரை தங்குவதற்கு இடம் தேடியபோது, எங்கள் மாத்தளைப் பள்ளிவாசல்காரர்கள் “ஒரு குடும்பத்த எங்களுக்குத் தாங்க” என்று கேட்டு வாங்கினார்கள். றத்தோட்டை வீதியிலிருந்து பிரியும் எங்கள் தெருவில், எங்கள் வீட்டோடு ஒட்டிய பாதி வீடு காலியாக இருந்தது. ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் நீங்களும் மச்சியும் இரண்டு பிள்ளைகளுமாக நாலு பேர், இந்தப் பக்கம் தையல்கார வாப்பா, உம்மா, நான்.

நீங்கள் தமிழ் படித்தது என்னிடம் இல்லை, பஸ் கண்டக்டர்களிடம். நாவுலயில் மரக்கறி லொறிக்கு மூட்டை ஏற்றப் போய்வந்த அந்தப் பயணந்தான் உங்கள் பள்ளிக்கூடம். அதனால் உங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் வாசலில் நின்று, “உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க, பின்னுக்கு இடம் ஈக்கி” என்று, பின்னால் இடம் இருக்கிற பஸ்போல, வரவேற்பீர்கள். பள்ளிவாசல் ஹாஜியார் முதல் தடவை வந்தபோது அதை நம்பி நடுச்சுவர் வரை போய், அதற்கு மேல் போக வழியில்லாமல் சுவரைப் பார்த்தபடி நின்றது நினைவிருக்கிறதா?

எனக்கோ எல்லாம் மறுபக்கம். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். பேராதனையில் நாலு வருடம் அரசறிவியல் படித்தேன். அந்த நாலு வருடத்தில் வகுப்பில் ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தேன், யன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்க. அதுவும் யார் காதிலும் விழவில்லை. உங்களிடம் இருந்த தமிழ் ஒரு கைப்பிடி. அதை ஊர் முழுக்கத் தூவினீர்கள். என்னிடம் இருந்தது ஒரு மூட்டை, முடிச்சே அவிழ்த்ததில்லை.

“தங்கச்சி, பிழையாப் பேசுங்க” என்பீர்கள். “சரியாப் பேசினா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க.”

படகுக் கதையைக்கூட அப்படித்தான் சிரிக்கச் சிரிக்கச் சொன்னீர்கள். உடுத்திருந்த சாரனைக் கிழித்துத் திரித்து நாலு பேரின் இடுப்பையும் ஒரே கயிறாகக் கட்டிவிட்டீர்களாம். “ஒருத்தர் வாந்தி எடுக்கப் போனா நாலு பேரும் போக வேணும். யூனுஸுக்கு மூத்திரம் வந்தா நாலு பேருக்கும் வரும்.” உம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். ஏன் கட்டினீர்கள் என்று வாப்பாதான் கேட்டார். நீங்கள் தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: “விழுந்தா எல்லாரும். இல்லாட்டி ஒருத்தரும் இல்ல.” பிறகு உடனே வேறு பகிடி சொன்னீர்கள்.

நாவுல வழியில் பஸ்ஸை மறித்துச் சோதனை போட்ட நாளில் நானும் அதே பஸ்ஸில் இருந்தேன். அடையாள அட்டை இருக்கிற எங்களுக்கே நெஞ்சு அடிக்கும். உங்களிடம் இருந்தது மடித்து மடித்துத் துணிபோல் ஆகிவிட்ட ஒரு அகதிக் கடதாசி மட்டும். அந்த இளம் சிப்பாய் அதைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டான்: “புருமயவா? புத்தர் நாடல்லவா? எங்கள் பிக்கு ஹாமுதுருமார் போய்வந்த நாடு. அந்தப் புண்ணிய பூமியை விட்டுவிட்டு இங்கே என்ன செய்கிறாய்?”

நீங்கள் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்து, “ஓவ் மாத்தயா, ஹொந்த ரட்ட” என்றீர்கள். ஆமாம் ஐயா, நல்ல நாடு. அவன் மகிழ்ந்துபோய், முன் சீட்டில் இருந்த ஒருவரை எழுப்பி உங்களை உட்கார வைத்தான். அன்றிலிருந்து அந்த இடத்தில் உங்களுக்குப் பெயர் ‘புரும மாத்தயா’, பர்மா ஐயா. சீட்டும் நிரந்தரம்.

அந்தச் சிரிப்புக்குள் என்ன வைத்திருந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமா?

அந்தச் சீட்டில்தான் போனீர்கள். நாவுல முதலாளி கொடுத்த பெரிய பூசணிக்காயை, நம் தெருப் பாஷையில் வட்டக்காயை, மடியில் வைத்து, அதன் மேல் கன்னத்தைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்தீர்களாம். மாத்தளையில் எல்லோரும் இறங்கிய பிறகு கண்டக்டர் வந்து தோளைத் தட்டினான். “புரும மாத்தயா, இறங்குங்க. இதுக்கு அங்கால பஸ் போகாது.” நீங்கள் எழும்பவில்லை. இதயம் என்றார் டாக்டர்.

ஜனாஸா அடக்கம் அன்று பின்னேரமே முடிந்தது. கண்டக்டர் கடைசிவரை நின்றான். எல்லோரும் கலைந்த பிறகுதான் அவன் கையில் இன்னும் வட்டக்காய் இருப்பதை உம்மா கண்டார். பஸ் நின்றதிலிருந்து அதை வைத்துக்கொண்டே நின்றிருக்கிறான். “இது அவர்ட சாமான்,” என்று சொல்லி ரொஷிதாவின் கையில் கொடுத்துவிட்டு, அழுதுகொண்டே போனான்.

மூன்று நாளைக்கு அந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பது எங்கள் தெரு வழக்கம். அதனால் தெருவே சமைத்தது. மௌத்து வீட்டுக்கு யாரோ ஒருவர் “சின்னப் புள்ளகள் ஈக்கே” என்று வட்டிலாப்பம் கொண்டுவர, அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு வட்டிலாப்பம் இல்லாமல் வர வெட்கமாகிவிட்டது. புளியும் காரமும் பழகிய உங்கள் பிள்ளைகள் அந்த இனிப்பை மருந்துபோல் விழுங்கினார்கள். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது மச்சிக்கு அவமானம். அடுப்போ இல்லை. ஆகவே ஒரு வீட்டு வட்டிலாப்பத்தை மற்ற வீட்டுப் பாத்திரத்தில் போட்டு அனுப்பினார். மூன்றாம் நாள் உம்மா செய்த வட்டிலாப்பம், நாலு வீடு சுற்றி, எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. உம்மா ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, “யார் செஞ்சது? ஏலக்காய் கூடிப் போச்சு,” என்றார்.

வட்டக்காயை மட்டும் யாரும் தொடவில்லை. மேசை நடுவில் ஒரு வளையத் துணி வைத்து ரொஷிதா அதை உட்கார வைத்தாள். தினமும் துடைத்தாள். நாலாம் நாள் அடுப்பு மூட்டியபோது உம்மா கத்தியோடு போய், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் கத்தியால் வெங்காயம் உரித்துவிட்டு வந்தார்.

இனி ஹாஜியார். பள்ளிவாசல் தலைவர், பஸாரில் ஜவுளிக்கடைக்காரர், நம் இரண்டு பாதி வீட்டுக்கும் சொந்தக்காரர். யாருக்காவது உதவி செய்யாவிட்டால் அவருக்குச் சோறு தொண்டையில் இறங்காது. உதவி பெறப்போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது மட்டும் அவருக்கு இதுவரை தோன்றியதில்லை.

நீங்கள் போன கிழமையே திட்டம் தயாராகிவிட்டது. ரொஷிதா கண்டியில் ஒரு டாக்டர் வீட்டுக்கு, மகள் மாதிரி இருக்க. யூனுஸ் கிழக்கில் ஒரு பிள்ளைகள் விடுதிக்கு. படிப்பும் சாப்பாடும் நல்லம். மச்சி குருநாகலில் ஹாஜியாரின் மாமியாருக்குத் துணையாக. அந்த மாமியாருக்குத் துணைக்குப் போன யாரும் அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவைக் குருநாகலில் கண்டதில்லை என்பது தெருவுக்கே தெரியும். மூன்று பேருக்கும் மூன்று நல்ல இடம். மூன்று திசையில்.

கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, நானா. “ஆம்பிள இல்லாத வீடு,” என்றார் வாப்பாவிடம். “நாடு ஈக்கிற நெலமையில பொலிஸ் வந்து பதிவு கேட்டா யார் முன்னுக்கு நிக்கிற? வளர்ற பொம்பளப் புள்ள வேற.” வாப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. தையல் மெசினைப் பார்த்தார். மெசினுக்கும் தெரியவில்லை.

எங்களுக்கு இருந்த ஒரே தவணை இத்தா. கணவன் மௌத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் அந்த வீட்டைவிட்டு அசையக் கூடாது, வேற்று ஆண்கள் பார்க்கவும் கூடாது. ஹாஜியாரே கடையிலிருந்து வெள்ளைத் துணி அனுப்பினார். வாப்பா அதை மடிப்பு மடிப்பாகத் தைத்து, உங்கள் முன் அறைக்கும் உள் அறைக்கும் நடுவில் தொங்கவிட்டார். இனிப் பேச்சு எதுவானாலும் திரைக்கு வெளியே ஆண்கள், உள்ளே மச்சி.

ஆனால் மச்சிக்குத் தமிழ் தெரியாதே. இதுவரை அவருக்குத் தமிழ் நீங்கள்தான். தெருவில் அவரோடு ஓரளவு பேசக்கூடிய ஒரே ஆள் நானாகிப் போனேன். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது டீவியில் கேட்ட ஹிந்தி. அந்த ஹிந்தியில் சாதாரணப் பேச்சுக்கு வழியே இல்லை. உப்பைக் கேட்டாலும் சத்தியம் செய்து கேட்பதுபோல் இருக்கும். “பால் பொங்கிவிட்டது” என்று சொல்ல நான் பட்ட பாட்டில், மச்சி யாரோ துரோகம் செய்துவிட்டார்கள் என்று நினைத்து எழுந்து வந்தார்.

முதல் கூட்டத்துக்கு ஹாஜியார், பாங்கு சொல்லும் மோதினார், வாப்பா மூன்று பேரும் வெளியே கதிரையில். நானும் மச்சியும் உள்ளே பாயில். ஹாஜியார் தொண்டையைச் செருமித் திட்டத்தைச் சொன்னார். நான் மச்சியின் காதில் சொன்னேன். மச்சி கையைப் பிசைந்துகொண்டு, மூன்றே சொல் சொன்னார். பிள்ளைகள் என்னோடு இருக்கட்டும். அவ்வளவுதான்.

நான் வாயைத் திறந்தேன். திரை வெள்ளையாக இருந்தது, நானா. ஒரு முகமும் தெரியவில்லை. என் முகமும் யாருக்கும் தெரியாது. பேராதனையில் நாலு வருடம் அடைத்து வைத்திருந்தது எல்லாம் அந்த இடத்தில் வெளியே வந்துவிட்டது.

“கனம் தலைவர் அவர்களே. உங்கள் நன்னோக்கத்தை நான் கொள்கையளவில் மதிக்கிறேன். ஆயினும் பாதிக்கப்பட்ட தரப்பைக் கலந்தாலோசிக்காமல் எடுக்கப்படும் எந்தத் தீர்மானமும் நடைமுறைச் சாத்தியம் அற்றது என்பதைத் தாழ்மையுடன் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.” அப்படியே போனது. தாயின் உரிமை, பிள்ளைகளின் கல்வி, குடும்பம் என்ற அமைப்பின் அடிப்படை. மச்சி பாயில் இருந்து என்னை அண்ணாந்து பார்த்தார். நான் எப்போது எழுந்து நின்றேன் என்று எனக்கே தெரியாது.

வெளியே ஹாஜியாரின் குரல்: “நிஹாரா புள்ள, இதெல்லாம் அவங்க சென்னதா?”

“ஓம், ஹாஜியார்.”

“எங்களுக்கு மூணு சொல்லுத்தானே கேட்டுச்சு?”

“அவங்கட பாஷை சுருக்கம், ஹாஜியார்.”

“ஹா,” என்றார் மோதினார், மிகுந்த மரியாதையோடு.

வீட்டுக்கு வந்த வாப்பா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்: “திரை தைச்ச துணியில மிச்சம் ஈக்கி. உனக்கும் ஒண்டு தைச்சுத் தரவா? இண்டர்வியூவுக்குப் போகக்குள்ள கையில கொண்டு போகலாம். முன்னுக்குப் புடிச்சிட்டுப் பேசலாம்.”

பட்டதாரிகளுக்கான அரசாங்க நியமனத்துக்கு எனக்கு நேர்முகப் பரீட்சை வரவிருந்தது. அதை நினைத்து நான் சாப்பிடாமல் இருந்தது அவருக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு ஹாஜியார் கிழமைக்கு ஒரு தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் புது நியாயம். நானும் ஒவ்வொரு தடவையும் புதுப் பேச்சு. முதல் நாளே நான் பேசியதையெல்லாம் ஹிந்தியில் மச்சிக்கு ஒப்பித்தேன். அவர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார், இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம் என்பதுபோல. போகப் போக நான் பேசும்போது அவர் உதடும் அசையும். நான் அதைத் திக்ர் ஓதுவது என்று நினைத்தேன்.

ஹாஜியாருக்கு மச்சி மேல் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. “பர்மாவில படிப்பு நல்லம் போல,” என்று பள்ளியில் சொன்னாராம். ஆனால் திட்டத்தை விடவில்லை. “எல்லாம் சரி, ஆம்பிள இல்லாத வீட்டுக்கு என்ன வழி?” என்ற இடத்தில் வந்து நிற்பார். அந்த இடத்தில் எனக்கும் அரசறிவியல் தீர்ந்துவிடும்.

பிள்ளைகளுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சுவருக்கும் காது உண்டே. ஒரு நாள் காலை பள்ளிக்கூட நேரத்தில் உங்கள் வாசலில் ஒரே இழுபறி. ரொஷிதாவும் யூனுஸும் ஒன்றாக வெளியே வரப் பார்த்து வாசல் நிலையில் சிக்கிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய தாவணி முனையும் அவனுடைய சட்டை முனையும் முடிச்சுப் போட்டிருந்தது. ரொஷிதா போட்ட முடிச்சு. யூனுஸ், “உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க” என்று அவளைத் தள்ளிக்கொண்டிருந்தான். உம்மா சிரித்துக்கொண்டே போய் அவிழ்க்கப் பார்த்தார். இறுகிப் போயிருந்தது. அவிழ்க்க முடியாமல் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். உம்மா அதற்குப் பிறகு அன்று சிரிக்கவில்லை.

இதற்கிடையில் யுத்தம் முடிந்துவிட்டது, நானா. தெருவெல்லாம் பட்டாசு. யூனுஸ் கட்டிலுக்கு அடியில் போனவன், வட்டக்காயையும் உள்ளே இழுத்து வைத்துக்கொண்டான். நாவுல வழியில் பஸ்ஸை மறித்து, இம்முறை பாற்சோறு கொடுத்தார்களாம். அந்தச் சிப்பாய் ஒரு துண்டை வாழையிலையில் எடுத்துக்கொண்டு முன் சீட்டுக்குப் போய், “புரும மாத்தயா எங்கே?” என்று கேட்டிருக்கிறான். கண்டக்டர் சொன்னானாம். சிப்பாய் அந்தத் துண்டை அந்தச் சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போனானாம். மாத்தளை வரை அதில் ஒருவரும் உட்காரவில்லை. எந்தப் பக்கத்துக்காக எதை நினைப்பது என்று எனக்குத் தெரியாத அந்தக் கிழமையில், இதை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி, போன வெள்ளிக்கிழமை.

மச்சி குளித்து, உம்மா கொடுத்த பச்சைச் சேலை கட்டி, முக்காடு போட்டு வந்தார். வாப்பா ஸ்டூலில் ஏறித் திரையைக் கழற்றி மடித்தார். ஜும்ஆ முடிந்ததும் ஹாஜியாரும் மோதினாரும் வந்தார்கள். கண்டி டாக்டர் வீட்டு வேன் ஞாயிற்றுக்கிழமை வரும் என்று ஹாஜியார் சொன்னார். அன்புடன்தான் சொன்னார். ரொஷிதா வட்டக்காய்க்குப் பக்கத்தில் நின்றாள்.

“செல்லுங்க, புள்ள,” என்றார் ஹாஜியார் என்னைப் பார்த்து. “அவங்க என்ன செல்றாங்க?”

முகங்கள், நானா. எத்தனை முகம். மோதினாரின் தாடிகூட என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. நாலு மாதமாக முழங்கிய நாக்கு பேராதனை வகுப்புக்குத் திரும்பிப் போய்விட்டது. யன்னலைச் சாத்தட்டுமா என்றுகூடக் கேட்க முடியவில்லை.

மச்சி என் கையைத் தொட்டு என்னை உட்கார வைத்தார். பிறகு தான் எழுந்து நின்றார்.

“கனம் தலைவர் அவர்களே,” என்றார்.

மோதினாருக்குத் தேநீர் புரையேறியது.

“உங்கள் நன்னோக்கத்தை நான் கொள்கையளவில் மதிக்கிறேன்.” ஒவ்வொரு சொல்லாக, ஆற்றில் கல் பார்த்துக் கால் வைப்பதுபோல வைத்தார். “பாதிக்கப்பட்ட தரப்பு…” நெஞ்சில் கையை வைத்தார். “பாதிக்கப்பட்ட தரப்பு நான்.”

அதோடு என்னிடம் கேட்டுப் படித்த தமிழ் முடிந்துவிட்டது. அதற்கு மேல் அவருக்குத் தேவைப்பட்ட சொற்கள் என் பேச்சு ஒன்றிலும் இல்லை. பிள்ளைகளை இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு, மூன்று பேரின் இடுப்பையும் சுற்றிக் கையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். “கடல்,” என்றார். “அவர் கட்டினார். கட்டினவர் மௌத்.” மூச்சு விட்டார். “கட்டு மௌத் இல்லை.”

கடைசியில் ஹாஜியார்தான், “அவங்கட பாஷை சுருக்கந்தான்,” என்றார் மெதுவாக.

அப்போதுதான் ரொஷிதா வட்டக்காயைத் தூக்கி உம்மாவின் கையில் கொடுத்தாள். உள்ளே போய் வெட்டினோம். இவ்வளவு நாளாகியும் உள்ளே நல்ல மஞ்சள். உங்கள் ஊர்ப்படி புளியும் மிளகாயும் போட்டு மச்சி சமைத்தார். ஹாஜியார் ஒரு வாய் வைத்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. “உறைப்பு,” என்றார். தண்ணீர் கொடுத்தோம். தண்ணீர் குடித்த பிறகும் கொட்டியது. “சரியான உறைப்பு,” என்றார் மறுபடியும். ஆனால் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

கையைக் கழுவிவிட்டு என் பக்கம் திரும்பினார். “நிஹாரா புள்ள. பர்மாவில ‘நடைமுறைச் சாத்தியம்’ எண்டு செல்ல மாட்டாங்க எண்டு எனக்குத் தெரியாதா?”

எனக்குக் காது சூடாகிவிட்டது.

“ரெண்டாவது கிழமையே தெரியும். நான் தலைவரா வந்த நாள்லேருந்து ஒருத்தரும் என்னோட எதிர்த்துப் பேசினதில்ல. நல்லா ஈந்துச்சு. கடையில ஈக்கக்குள்ள அடுத்த கிழமைக்கு என்ன செல்லலாம் எண்டு யோசிச்சிட்டே ஈப்பேன். அளந்த துணியத் திரும்ப அளந்திருக்கேன்.” வாப்பா தலையைக் குனிந்து சிரித்தார். “இப்ப திரை இல்லாமக் கேக்கிறேன். ஆம்பிள இல்லாத வீட்டுக்கு என்ன வழி? உங்கட சொந்த வாயால செல்லுங்க.”

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வந்திருக்காது. அவருக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தேன், நீங்கள் அவரை முதல் நாள் கொண்டுபோய் நிறுத்திய அதே சுவரை. அதற்கு அந்தப் பக்கம் வாப்பாவின் தையல் மெசின் இருக்கிறது.

“சுவர்ல கதவு வைக்கலாம்,” என்றேன்.

ஹாஜியார் திரும்பிச் சுவரைப் பார்த்தார். தன் சொந்தச் சுவரை முதல் தடவை காண்பவர்போல எழுந்து போய்த் தட்டிப் பார்த்தார். “ஒரே வீடு,” என்றார். “அப்ப ஆம்பிள ஈக்கிற வீடு.” வாப்பாவைப் பார்த்தார். வாப்பா, “நான் எப்பவும் அந்தப் பக்கந்தான் ஈக்கிறேன்,” என்றார்.

“மூணே சொல்லு,” என்று ஹாஜியார் மோதினாரிடம் சொன்னார். “அந்தப் பாஷை இந்தப் புள்ளைக்கும் ஒட்டிட்டுது.”

ஞாயிற்றுக்கிழமை வேன் வரவில்லை. மேசன் வந்தார். ஹாஜியார் கதிரை போட்டு உட்கார்ந்து, எந்தக் கல்லை எப்படி எடுப்பது என்று மேசனுக்கு நாள் முழுக்க உதவி செய்தார். பின்னேரம் ஒரு ஆள் நுழையும் அளவுக்குச் சுவர் திறந்ததும், தூசுக்குள் யூனுஸ் வந்து நின்றான். ஒரு கையை உயர்த்தி, உங்கள் குரலில், உங்கள் பிழையெல்லாம் அப்படியே வைத்துக் கத்தினான்: “உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க. பின்னுக்கு இடம் ஈக்கி.”

மச்சி உங்கள் வீட்டுப் பக்கம் நின்றார், உம்மா எங்கள் வீட்டுப் பக்கம் நின்றார். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிரித்தார்களா அழுதார்களா என்று நான் பார்க்கவில்லை. எனக்கும் தூசு.

கதவு செய்து வரும்வரை அந்த வெள்ளைத் திரையைத்தான் அந்த வாசலில் தொங்கவிட்டிருக்கிறோம். நேரம் கெட்ட நேரத்திலெல்லாம் யூனுஸ் அதை விலக்கிக்கொண்டு வந்து வாப்பாவின் தையல் பித்தான்களை எண்ணுகிறான். வட்டக்காய் விதைகளை ரொஷிதா கழுவி, காயவைத்து, யாருக்கும் காட்டாத இடத்தில் வைத்திருக்கிறாள். மச்சியும் நானும் இப்போது தமிழிலேயே பேசுகிறோம். நேற்று என்னிடம், “தாழ்மையுடன் கேட்கிறேன், உப்பு உண்டா?” என்றார். திருத்தவில்லை. நீங்கள் சொன்னதுதானே, சரியாகப் பேசினால் யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்.

நேர்முகப் பரீட்சை வரும் செவ்வாய்க்கிழமை. வாப்பா மிச்சத் துணியில் எனக்கு ஒரு கைக்குட்டை தைத்துத் தந்திருக்கிறார். அதை முகத்துக்கு முன்னால் பிடிக்க மாட்டேன். கைக்குள் வைத்துக்கொள்வேன். இது ஒரு வாக்கு.

மற்றதும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் எங்கோ ஒரு நாடு அவர்களைக் கூப்பிடும். அன்று மூன்று பேரையும் ஒன்றாகத்தான் அனுப்பி வைப்பேன். இரண்டு பேருக்கு மட்டும் இடம் இருக்கிறது என்று அந்த நாடு சொன்னால், அது எந்த நாடானாலும், அதன் முகத்தைப் பார்த்தே சொல்வேன்: உள்ளுக்குப் போங்க, பின்னுக்கு இடம் ஈக்கி.

முன்பு பக்கத்து வீடாக இருந்து, இப்போது ஒரே வீடாகிவிட்ட
உங்கள் தங்கச்சி,
நிஹாரா